துரியோதனன் இடுப்பில் பச்சை விளக்கு

காட்டுப்பள்ளிக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? மீஞ்சூரிலிருந்து கிழக்கே, கடலைப் பார்த்து. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி, நடுவில் நீங்கள். வழியெல்லாம் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று 2010-லிருந்து இருக்கிறது, நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் கணக்கு. அப்புறம் துறைமுகம். ஒரு காலத்தில் மீனும் இறாலும் படகும் மட்டும் இருந்த கரை. இன்றைக்கு உலகத்துக்கே சரக்கு போகிறது. உள்ளூர்க்காரர் ரோட்டைக் கடக்கத்தான் கால் மணி நேரம் ஆகிறது.

அந்தத் துறைமுகத்தின் கிரேன் விளக்குகள் தெரிகிற தூரத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். ஜமாவின் பெயரும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன், வருத்தப்படுவார்கள். திரௌபதி அம்மன் திருவிழா, கூத்தின் கடைசி ராத்திரி. பதினெட்டாம் போர்.

இரண்டு பேர் திரை பிடிக்க, அதற்குப் பின்னால் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கிறது. முகவீணை வீறிடுகிறது. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரிகிறது. என் பக்கத்தில் பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்த பொடியன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். திரை விலகுகிறது. துரியோதன மகாராஜா! செக்கச்செவேலென்று முகம், தோளில் புஜக்கட்டை, கூடையைக் கவிழ்த்தது போல விரிந்த பாவாடை. ஒரு சுற்று சுற்றி முதுகைக் காட்டினார் பாருங்கள், அங்கே பின் இடுப்பில் கறுப்பாக ஒரு பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு. அதிலிருந்து ஒரு வயர் முதுகில் ஏறி, கழுத்தைச் சுற்றி, கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறது.

"ஆயா, துரியோதனன் செல்போன் வச்சிருக்கான்!" என்றான் பொடியன்.

சுற்றி இருந்த பத்துப் பேர் சிரித்துவிட்டார்கள். நானும்தான். அத்தனை நேரம் முகம் எழுதி, அத்தனை கயிறு இழுத்துக் கட்டி உண்டாக்கிய அஸ்தினாபுரத்து ராஜா ஒரே விநாடியில் மொபைல் கடைக்காரர் ஆகிவிட்டார்.

கதை அதோடு முடியவில்லை. மூன்று மணி வாக்கில் பச்சை சிவப்பானது. கொஞ்ச நேரத்தில் குரல் கொரகொரத்தது. தொண்ணூற்றொன்பது தம்பிகளையும் பறிகொடுத்த ஒருவன் புலம்புகிற இடம். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அடுத்த விநாடி இடி மாதிரி வருகிறது. அப்புறம் சுத்தமாக நின்றுபோனது. கட்டியங்காரன் கெட்டிக்காரர். "மகாராஜா, சார்ஜ் தீர்ந்துபோச்சுங்களா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். ஆனால் துரியோதனன்? பந்தலில் தொங்கிக்கொண்டிருந்த பழைய மைக்குக்கு அடியில் போய் நின்றார். நின்றவர் விடிகிறவரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் மாதிரி அழுதார், சபதம் செய்தார், செத்துப்போனார்.

மேடையில் ஓடியாடி நடிக்கிறவர் உடம்பில் இந்தக் கார்ட்லெஸ் மைக் பெட்டியை எங்கே ஒளிப்பது? இதுதான் இந்த வாரத்துக் கேள்வி. இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு கலைஞன் ஆடுவானா நிற்பானா என்பதை இந்தச் சின்னப் பெட்டிதான் முடிவு செய்கிறது.

* * *

முதலில் தொங்கும் மைக்கைப் பற்றி.

கூத்துக் களரியை நினைத்துப் பாருங்கள். பின்னால் பெஞ்சு, அதில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். முன்னால் வெறும் தரை. மூன்று பக்கமும் ஜனம். நடிகர் ஒரு வரி பாடுவார், பெஞ்சில் இருக்கிறவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அந்தப் பின்பாட்டு நேரத்தில் நடிகர் மூச்சு வாங்கிக்கொண்டு ஆடுவார். களரி முழுக்கச் சுற்றி வருவார். மூன்று பக்கத்து ஜனத்துக்கும் ராஜா முகம் கிடைக்கும்.

மைக் வந்தது. பந்தலின் குறுக்குக் கழியில் கயிறு கட்டி இரண்டோ மூன்றோ தொங்கவிட்டார்கள். உடனே களரியில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு மூன்று வட்டங்கள் விழுந்துவிட்டன. வட்டத்துக்குள் நின்றால் குரல் உண்டு, ஓரடி வெளியே வைத்தால் இல்லை. நடிகர்கள் முட்டாள்கள் இல்லை. மெதுவாக வட்டத்துக்குள்ளேயே தங்கிவிட்டார்கள். பாடும்போது நிற்பது, பாட்டு முடிந்ததும் ஆடுவது, மறுபடி ஓடிவந்து வட்டத்தில் நிற்பது. பக்கவாட்டில் உட்கார்ந்த ஜனம் ராத்திரி முழுக்க ராஜாவின் ஒரு காதை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறது.

இது கிராமத்துச் சங்கதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். சென்னை சபா நாடகங்களைப் பாருங்கள். மேடை விளிம்பில் மைக், மேலே இரண்டு மைக். வீட்டுக்காரர், மனைவி, மாமனார், வேலைக்காரன் நாலு பேரும் ஒரே சோபாவை ஒட்டி வரிசையாக நின்று, ஒருவரையொருவர் பார்க்காமல் நம்மைப் பார்த்துச் சண்டை போடுவார்கள். நான் காலேஜில் பி.காம். படித்த காலத்தில் ஒரு சபாவில், ஹீரோ கோபித்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போய்விட்டு, முக்கியமான வசனம் பாக்கி இருந்ததால் திரும்பி வந்து மைக் முன்னால் சொல்லிவிட்டு மறுபடி கோபித்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதை நாடகப் பாணி என்று சொல்லி வருகிறோம். பாணியும் இல்லை, ஒன்றும் இல்லை. மைக் எங்கேயோ அங்கே நடிகன். அவ்வளவுதான்.

உடனே ஒரு பெரியவர் எழுந்திருப்பார். "மைக்கே வேண்டாமய்யா! கிட்டப்பா மைக் வைத்துக்கொண்டா பாடினார்?" இல்லைதான். எஸ்.ஜி. கிட்டப்பா கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடினார். 1933-ல், 27 வயதில் இறந்தும் போனார். அவர் பாடிய காலத்தில் கொட்டகைக்குப் பின்னால் கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுக்கவில்லை. ஜெனரேட்டர் ஓடவில்லை. எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் வந்தது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம். அது 2018-ல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. இந்தக் கரையில் இப்போது ராத்திரி என்று ஒன்று கிடையாது. எட்டு மணி நேரம் உச்ச சுருதியில் பாடுகிற கூத்துக்காரரை, இந்தச் சத்தத்தில் மைக் இல்லாமல் பாடு என்று சொல்வது கலைப்பற்று இல்லை. அவர் தொண்டையைக் கிழிக்கிற வேலை.

ஆக, மைக் வேண்டும். ஆட்டமும் வேண்டும். இரண்டும் வேண்டும் என்றால் மைக் நடிகர் கூடவே வர வேண்டும்.

* * *

கூட வருகிற மைக்கின் அருமையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் 'அர்ச்சுனன் தபசு' பாருங்கள். சிவனிடம் பாசுபதாஸ்திரம் வாங்க அர்ச்சுனன் தவம் போகிறான். இதற்கென்று நெட்டுக்குத்தலாக ஒரு மரம் நட்டிருப்பார்கள், உச்சியில் ஒரு சின்னப் பரண். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படியாக நின்று பாடிக்கொண்டே ஏறுவார். உச்சிக்குப் போய் எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் கேட்டு ஈரப் புடவையோடு கீழே காத்திருக்கிற பெண்கள் முந்தானை ஏந்துவார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர் பாட்டு ஒரு வேடிக்கை இல்லை. பிரார்த்தனை.

தொங்கும் மைக்கை மரத்தில் ஏற்ற முடியுமா? வயர் மைக்கை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். வயர் காலில் சிக்கினால் வரம் கேட்க வந்தவர்கள் மேலேயே விழ வேண்டியதுதான். கையில் பிடிக்கிற கார்ட்லெஸ்ஸும் உதவாது, ஏற இரண்டு கையும் வேண்டும். உடம்போடு ஒட்டிய சின்ன மைக்தான் ஒரே வழி.

வெளிநாட்டிலும் இப்படித் தேவை முட்டித்தான் வழி பிறந்திருக்கிறது. 'மை ஃபேர் லேடி' படம் 1964-ல் வந்தது. அதன் நாயகன் ரெக்ஸ் ஹாரிசன், முன்கூட்டியே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிதான் பாடுவேன் என்றார். என்ன செய்தார்கள்? அவர் கழுத்து டைக்குள் கார்ட்லெஸ் மைக்கை ஒளித்துவைத்துப் படப்பிடிப்பிலேயே பாட்டைப் பதிவு செய்தார்கள். அந்தப் படம் ஒலிக்கு ஆஸ்கர் வாங்கியது. 1979-ல் இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ் மேடையில் ஆடிக்கொண்டே பாட வேண்டும் என்றார். கையில் மைக் பிடித்தால் கை எப்படி ஆடும்? அவருடைய ஒலிக்காரர், சட்டை மாட்டுகிற கம்பி ஹேங்கரை வளைத்துத் தலையில் மாட்டி அதில் மைக்கைக் கட்டிக் கொடுத்தார். இன்றைக்குக் கன்னத்தில் மைக் வைத்துக்கொண்டு ஆடுகிற அத்தனை பாடகிகளுக்கும் அந்தத் துணிக்கடைக் கம்பி கொள்ளுப்பாட்டி முறை.

* * *

சரி, பெட்டி என்ன செய்கிறது? ரகசியம் ஒன்றுமில்லை. பட்டாணி அளவில் ஒரு மைக். அதிலிருந்து மெல்லிய வயர். வயரின் மறு முனையில் சிகரெட் பாக்கெட் அளவில் பெட்டி, உள்ளே பெரும்பாலும் இரண்டு பென்சில் பேட்டரி. பெட்டியிலிருந்து ஒரு குட்டி வால் தொங்கும், அதுதான் ஏரியல். அது குரலை ரேடியோ அலையாக அனுப்புகிறது, மைக்செட்காரர் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பெட்டி வாங்கிக்கொள்கிறது.

இதற்கு எதிரிகள் நாலு.

முதல் எதிரி வியர்வை. அன்றைக்குத் துரியோதனனைக் கொன்றது பீமன் இல்லை, வியர்வை. மைக்கின் ஓட்டையில் ஒரு சொட்டு இறங்கினாலே குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். பெட்டிக்குள் இறங்கினால் கொரகொர. உலகம் பூராவும் நாடக ஒலிக்காரர்கள் இதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? பெட்டியை ஆணுறைக்குள் போட்டு முடிச்சுப் போடுகிறார்கள். சிரிக்காதீர்கள், நிஜம். எண்ணெய்ப் பூச்சு இல்லாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. நம் அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு 'நிரோத்' கொடுத்தது, கூத்துக் கட்டுப்பாட்டுக்கும் உதவும் என்று யார் கண்டது! கூச்சமாக இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதன் மேல் பருத்தித் துணிப் பை.

இரண்டாவது எதிரி உடம்பு. மனித உடம்பு பாதிக்கு மேல் உப்புத் தண்ணீர். ரேடியோ அலையை அது உறிஞ்சிக்கொள்ளும். ஏரியலைச் சதையோடு ஒட்டவைத்துக் கட்டினால் பாதிக் குரல் அவர் இடுப்பிலேயே நின்றுவிடும். ஏரியலைச் சுருட்டி மடக்கவும் கூடாது. துணிக்கு இந்தப் பக்கம் உடம்பு, அந்தப் பக்கம் ஏரியல் என்று இருக்க வேண்டும்.

மூன்றாவது, உலோகம். கூத்து நகைகள் மரத்தில் செய்தவை, அதன் மேல் ஜிகினாத் தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டுவார்கள். மரம் அலையைத் தடுக்காது. ஜிகினாத் தாள் தடுக்கும். மார்ப்பதக்கத்துக்குப் பின்னால் பெட்டியைப் பதுக்கினால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது.

நாலாவது, ஆட்டமே. நடிகர் தலையைத் திருப்புகிறார். மைக் நெஞ்சில் இருந்தால் வாய் ஒரு பக்கம், மைக் ஒரு பக்கம், குரல் ஏறி இறங்கும். தலையிலேயே மைக் இருந்தால் தலை எங்கே போனாலும் கூடவே போகும். அதனால்தான் வெளிநாட்டு இசை நாடகங்களில் நெற்றியில் முடி ஆரம்பிக்கும் இடத்தில் வைத்து, வயரை விக்குக்குள் விட்டு, பின்கழுத்து வழியாக இறக்குகிறார்கள். பத்தாவது வரிசையில் உட்கார்ந்தாலே கண்டுபிடிக்க முடியாது.

இப்போது கூத்து வேஷத்தைப் பாருங்கள். நெற்றிக்கு மேலே கிரீடம். அதன் அடி விளிம்பில் ஒரு பட்டாணிக்கு இடமில்லையா? கிரீடத்தைத் தாங்கத் தலையில் துணி சுற்றுகிறார்கள், வயர் அதற்குள் போகட்டும். முதுகில் சட்டை. இடுப்பில் நாலைந்து சுற்றுத் துணி, அதன் மேல் பாவாடை. ஒரு பெட்டி என்ன, ஒரு டிபன் கேரியரையே ஒளிக்கலாம்! பிராட்வேயில் அரை டிரஸ்ஸில் ஆடுகிற பெண்ணுக்கு எங்கே பெட்டி வைப்பது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நம்மிடம் இடம் கொட்டிக் கிடக்கிறது. நாம் கொண்டுபோய்ப் பாவாடைக்கு வெளியே பெல்ட் கிளிப்பில் மாட்டுகிறோம்.

காஞ்சிபுரம் பக்கத்தில் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி ப்ரூயினும் இந்தக் கலையைத் தெருக்கூத்து என்று சொல்லாதீர்கள், கட்டைக்கூத்து என்று சொல்லுங்கள் என்று வெகு காலமாக வாதாடி வருகிறார்கள். 1990-ல் அவர்கள் ஆரம்பித்த சங்கத்துக்கும் அதே பெயர். கட்டை என்பது அந்த மர நகைகள்தான். யோசித்துப் பாருங்கள், வேஷத்திலிருந்தே பெயர் வாங்கிய கலை. அந்த வேஷத்துக்குள் ஒரு சின்னப் பெட்டிக்கு வீடு கட்டித் தர நமக்கு இன்னும் நேரம் வரவில்லை.

* * *

இந்த இடத்தில் நியாயமான ஓர் ஆட்சேபம் வரும். நானே என்னைக் கேட்டுக்கொண்டதுதான்.

கூத்தில் எதைத்தான் மறைக்கிறார்கள்? திரை பிடிக்கிற இரண்டு பேர் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறார்கள். ஆர்மோனியக்காரர் நடுவில் டீ குடிக்கிறார். திரௌபதிக்கு மீசை மழித்த அடையாளம் தெரிகிறது. யாராவது கவலைப்பட்டார்களா? டியூப் லைட் தெரியலாம், ஆம்ப்ளிஃபயர் தெரியலாம், மைக் பெட்டி மட்டும் தெரியக் கூடாதா? நாலு வருஷம் போனால் பொடியன்களுக்குப் பழகிவிடும், சிரிக்க மாட்டார்கள்.

உண்மைதான். பழகிவிடும். தொங்கும் மைக் பழகவில்லையா?

ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் இன்னொன்றையும் கவனித்தேன். துரியோதனன் சுற்றும்போது ஒரு கை வாளில் இருந்தது. இன்னொரு கை அடிக்கடி பின் இடுப்புக்குப் போய்ப் போய் வந்தது. பெட்டி இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிற கை. பத்துச் சுற்று சுற்ற வேண்டிய இடத்தில் மூன்றோடு நிறுத்திக்கொண்டார். கன்னத்து வயர் பிய்ந்துவிடும் என்று கழுத்தை வெட்டித் திருப்பவில்லை. தொடையைத் தட்டிச் சவால் விடும் இடத்தில் குனிந்து தட்டாமல் நிமிர்ந்தபடியே தட்டினார். பொடியன் சிரித்தது இரண்டு நிமிஷம். இந்தக் கை ராத்திரி முழுக்க இடுப்புக்குப் போனது.

பெட்டியை மறைக்க வேண்டியது நம் கண்ணிலிருந்து அல்ல. அவர் மனசிலிருந்து. தான் மைக் மாட்டியிருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோக வேண்டும். நன்றாகத் தைத்த பையில், உடம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டி, பத்துத் தடவை குதித்துப் பார்த்து, விழாது என்று நிச்சயமானால்தான் மறக்கும். அப்படிக் கட்டினால் நம் கண்ணுக்குத் தெரியாமல் போவது தானாக நடந்துவிடும். பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கிற மைக், அநேகமாக நடிகருக்கும் இடைஞ்சலாக இருக்கிற மைக்தான்.

ஒரு எச்சரிக்கை. நடிகர் மறக்கலாம், மைக்செட்காரர் மறக்கக் கூடாது. 2006-ல் அமெரிக்காவில் ஜனாதிபதி புஷ் பேசிக்கொண்டிருந்ததை சி.என்.என். நேரடியாக ஒளிபரப்பியது. நடுவில் கழிவறைக்குப் போன செய்தி வாசிப்பாளரின் மைக்கை யாரும் அணைக்கவில்லை. ஜனாதிபதி பேச்சோடு சேர்த்து, தன் சகோதரரின் மனைவியைப் பற்றி அந்த அம்மாள் தோழியிடம் சொன்னதையும் தேசமே கேட்டது. நம் ஊரில் திரைக்குப் பின்னால் போன தர்மர், "பீடி எங்கடா?" என்று கேட்டது பந்தல் முழுக்க ஒலித்திருக்கிறது. சத்தியம் தவறாதவர், பீடிதான் கேட்டார்.

* * *

இதையெல்லாம் ஏன் யாரும் செய்வதில்லை? நான் பி.காம். என்று சொன்னேன் அல்லவா, கணக்கு போட்டுப் பார்த்தேன்.

கூத்து ஜமா ஒன்று. மைக்செட் வேறொன்று. ஜமாவுக்கு ஊர் பணம் கொடுக்கிறது. மைக்செட்டை விழாக் குழு தனியாகப் பேசி எடுக்கிறது. இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு வேறு ஊர், வேறு மைக்செட், வேறு பெட்டி. ஒன்றுக்கு கிளிப் இருக்கும், ஒன்றுக்கு இருக்காது. மைக்செட் பையன் ஒன்பது மணிக்கு வருகிறான், சீரியல் பல்பு கட்டுகிறான், குழாய் கட்டுகிறான், பத்து மணிக்கு ஒப்பனைக் கொட்டகைக்குள் தலையை நீட்டி "அண்ணே, இதை மாட்டிக்குங்க" என்று பெட்டியைக் கொடுக்கிறான். அதற்குள் அண்ணன் முழு வேஷமும் கட்டி முடித்திருக்கிறார். அவிழ்த்து மறுபடி கட்ட முடியுமா? வெளியேதான் மாட்டியாக வேண்டும். பையன்மேலும் தப்பு இல்லை, அண்ணன்மேலும் தப்பு இல்லை. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் முன்னால் சந்தித்துக்கொள்ள யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இப்போது பெண்களும் கூத்துக் கட்டுகிறார்கள், நல்ல விஷயம். ரவிக்கைக்குள் வயர் விட வேண்டிய வேலையை முன்பின் தெரியாத மைக்செட் ஆள் செய்யலாமா? செய்யக் கூடாது. வேஷம் கட்டிவிடுகிறவர்தான், அதிலும் பெண்தான், செய்ய வேண்டும். ஆகவே இது மைக்செட் வேலையே இல்லை. முகம் எழுதுவது, கிரீடம் கட்டுவது, சலங்கை கட்டுவது மாதிரி, மைக் கட்டுவதும் வேஷத்தில் ஒரு பகுதி. மைக் ஜமாவின் சொந்த மைக்காக இருக்க வேண்டும். கிரீடத்தோடு ஒரே பெட்டியில் போய்வர வேண்டும். எந்த ஊர் மைக்செட்டாக இருந்தாலும் வாங்கும் பெட்டியைக் களரிக்கு அருகே வைத்து ஒரு வயர் சொருகினால் வேலை முடிந்தது. பெரிய வேஷக்காரர்களுக்கு மட்டும் இருந்தால் போதும். சேவகனுக்கும் தூதனுக்கும் தொங்குவதே தாராளம். நடுராத்திரியில் ஒரு தரம் பேட்டரி மாற்ற ஓர் ஆள்.

பணம்? தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் கலைஞர்களுக்கு இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க நிதி உதவி தருகிறது. மைக்கும் ஓர் அணிகலன்தான் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அது நடக்க நாளாகும் என்பவர்களுக்கு இன்னொரு வழி. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், 135-ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணி என்று ஏழாம் அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. அதில் பாரம்பரியக் கலைகளின் மேம்பாடும் உண்டு. காட்டுப்பள்ளியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை இந்தக் கணக்கில் வருகிற கம்பெனிகள் எத்தனை இருக்கும்! மரக்கன்று நடுகிறார்கள், பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு போடுகிறார்கள், நல்லது. இந்த வட்டாரத்தில் மனிதக் குரல் கேட்காமல் போனதற்கு யார் காரணம் என்று நான் சண்டை போட வரவில்லை. குரலை முழுங்கிய பேரேட்டில் ஒரு வரவு வையுங்கள் என்கிறேன். ஒரு ஜமாவுக்கு மூன்று கார்ட்லெஸ், ஒரு தையல்காரர், இரண்டு நாள் பயிற்சி. லாரிக்கு டயர் மாற்றுகிற செலவு.

* * *

விடிந்துவிட்டது. ஊர்க்கோடியில் படுகளத்துக்கு மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து படுத்திருக்கிறான். மனுஷத் துரியோதனன் ஒப்பனைக் கொட்டகையில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பகலில் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறாராம். சாயங்கால ஷிப்ட்டுக்குப் போக வேண்டும். சட்டையைக் கழற்றித் திரும்பினார். பின் இடுப்பில், பெட்டி இருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து உரிந்திருந்தது.

"எரியுதாண்ணே?"

"அது கெடக்குது சார். கடைசிப் பாட்டு கேட்டுச்சா?"

கேட்டது என்று சொன்னேன். பொய். அந்த நேரத்தில் ரோட்டில் வரிசையாக நாலு கன்டெய்னர் போய்க்கொண்டிருந்தன.

கதையில் துரியோதனன் கடைசி நாளில் மடுவுக்குள் இறங்கி, தண்ணீருக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருந்தான். அவ்வளவு பெரிய ஆசாமியை ஒளித்துவைக்கத் தெரிந்த கூத்து இது. சிகரெட் பாக்கெட் அளவுள்ள ஒரு பெட்டியை ஒளிக்கத் தெரியாதா என்ன? அடுத்த சித்திரைக்குள் யாராவது அவருக்கு ஒரு துணிப் பை தைத்துக் கொடுங்கள். அந்தக் கடைசிப் பாட்டை நான் முழுசாகக் கேட்க வேண்டும்.